முற்றவெளியிலே பார்க்க என்ன இருக்கிறது?

போன இதழில் பேச்சோடு பேச்சாக, யாழ்ப்பாணக் கோட்டைக்கு முன்னால் கிடக்கிற முற்றவெளியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை மற்றக் கேள்விகள் எல்லாம் பொறுத்துக்கொள்ளட்டும், முற்றவெளிக் கேள்விகளுக்கு மட்டும் பதில். வாழைக்குலை பழுக்கவைக்கிறது பற்றிக் கேட்ட உரும்பிராய் வாசகர் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் கட்டாயம் எழுதுகிறேன்.

*ஜூலையில் குடும்பத்தோடு வருகிறோம். பிள்ளைகளுக்கு 12, 15 வயது. நல்லூர், கீரிமலை, நயினாதீவு எல்லாம் திட்டத்தில் இருக்கிறது. முற்றவெளிக்கு ஒரு மணித்தியாலம் காணுமா? "அங்கை என்ன இருக்கு?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. (வாசகி, ஸ்காபரோ)*

ஒன்றும் இல்லை என்று சொல்லுங்கள் தங்கச்சி. பொய்யும் இல்லை. நடுவிலே புல்லும் புழுதியும், இரண்டு மூன்று மாடு, ஒரு மூலையில் கிறிக்கெற் அடிக்கிற பெடியள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியதெல்லாம் ஓரத்தில் வரிசையாக நிற்கிறது: மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம், தந்தை செல்வா நினைவுத்தூபி, தமிழாராய்ச்சி மாநாட்டு நினைவிடம், முனியப்பர் கோவில், கோட்டை, அதற்கு அங்காலே பண்ணைக் கடல். வெறும் வெளியைச் சுற்றி நானூறு வருஷக் கதை நிற்கிறது, ஒரு மணித்தியாலத்தில் ஓடிப்பார்த்தால் பிள்ளைகளுக்குக் கால்நோவுதான் மிச்சம்.

மூன்று மணித்தியாலம் வையுங்கள், அதையும் பின்னேரத்தில் வையுங்கள். பின்னேரம் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. போன வருஷம் நோர்வேயில் இருந்து வந்த என் மைத்துனரை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன், என் பிழைதான். தொப்பி வேண்டாமா அத்தான் என்று கேட்டதற்கு, "நான் உந்த வெயிலுக்கை பிறந்து வளந்தவன், எனக்கென்ன" என்றார். கோட்டை அகழிப் பாலம் வரைக்கும் வீரமாக நடந்தார், அதற்குப் பிறகு கதை நின்றுவிட்டது. மதில் நிழலில் இருந்த ஒரு முருகைக்கல்லில் இருந்துகொண்டு சட்டைப் பொத்தான் மூன்றைக் கழற்றி, கையிலிருந்த கோட்டை விளக்கத் துண்டால் விசிறிக்கொண்டிருந்தாரே தவிர, அதைப் படிக்கவில்லை. திரும்பி வந்து இரண்டு போத்தல் நெல்லிரசம் குடித்த பிறகுதான் வாய் திறந்தார். முப்பது வருஷக் குளிர் உடம்பை மாற்றிவிடும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் யோசனை வரவில்லை.

ஜூலை சோழகக் காற்றுக் காலம். வெயில் ஒரு பக்கம், கண்ணுக்குள் புழுதி ஒரு பக்கம். நாலு மணிக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்குங்கள், பஸ் நிலையத்தில் இருந்து நடக்கக் கூடிய தூரம்தான், ஓட்டோ பிடிக்கத் தேவையில்லை. நூலகத்தை வெளியில் நின்று நன்றாகப் பாருங்கள். பிறகு வெளியைக் குறுக்காக நடந்து கோட்டைக்குப் போங்கள், றோட்டால் சுற்றிப் போக வேண்டாம். அப்படி நடந்தால்தான் அந்த இடம் எவ்வளவு பெரிது, கோட்டை மதில் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பது காலுக்கு விளங்கும். கோட்டை வாசல் பூட்டுகிற நேரத்தை முதலே கேட்டு வையுங்கள். கடைசியில் பண்ணை. சூரியன் கடலுக்குள் இறங்குகிற நேரம் மண்டைதீவுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் 15 வயதுப் பிள்ளையும் போனை இறக்கிவைக்கும், அல்லது போனைத் தூக்கிப் படம் எடுக்கும். எதுவென்றாலும் சரி.

*முற்றவெளி என்று பெயர் வந்தது எப்படி? யாருடைய முற்றம்? ஊர் நடுவில் இவ்வளவு காணியை வீடு கட்டாமல் எப்படி விட்டார்கள்? (மாணவன், கொக்குவில்)*

நல்ல கேள்வி தம்பி. இரண்டாவது கேள்வியின் பதிலைக் கேட்டால் முதலாவது தானாக விளங்கும். அது கோட்டையின் முற்றம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்துக் கடற்கரையில் நாற்சதுரமாக ஒரு கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அதை மாதக்கணக்கில் முற்றுகையிட்டுப் பிடித்து, பிறகு இடித்து ஐந்து முனையோடு நட்சத்திரம் மாதிரித் திரும்பக் கட்டினார்கள். வெளிப்புற அரண்களை 1792இல்தான் முடித்தார்கள். முடித்து மூன்று வருஷத்தில், 1795இல், சண்டை பிடிக்காமலே வெள்ளைக்காரனிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்பது வேறு கதை. இவ்வளவு செலவழித்து வேலி அடைத்தவன் படலையைத் திறந்து விட்டமாதிரி.

இப்படியான கோட்டைக்கு முன்னால் மரமும் வீடும் இருந்தால் அதன் மறைவில் எதிரி கிட்ட வந்துவிடுவான். மதிலில் இருக்கிற பீரங்கிக்கு முன்னாலே எல்லாம் வெளியாகத் தெரியவேண்டும். கோட்டை வாசலுக்கு முன்னால் காணியை வெறுமையாக வைத்திருப்பது அந்தக் காலத்து யுத்த முறை. வெள்ளைக்காரர் அதற்கு எஸ்பிளனேட் என்று சொன்னார்கள், எஸ்பிளனேட் வீதி என்ற பெயர் இன்றைக்கும் இருக்கிறது. எங்களுடைய சனம் அதையெல்லாம் நாக்குக்குள் போட்டு உருட்டாமல், வீட்டுக்கு முன்னால் கூட்டித் துப்புரவாக விட்ட இடம் முற்றம், இதுவும் அப்படித்தான் என்று பெயர் வைத்துவிட்டது. பீரங்கிக்காக விட்ட வெளியில் இன்றைக்கு நீங்கள் கிறிக்கெற் அடிக்கிறீர்கள்.

ஒரு துணுக்கு, பள்ளிக்கூடத்தில் சொல்ல உதவும்: பின்னாளில் எழுத்தாளரான லெனார்ட் வூல்ஃப் 1905இல் இளம் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தபோது இந்தக் கோட்டை மதிலுக்கு மேலிருந்த பங்களாவில்தான் குடியிருந்தார். வெர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்றால் உங்கள் ஆங்கில ரீச்சருக்குத் தெரியும்.

*மணிக்கூட்டுக் கோபுரம் விக்ரோறியா மகாராணிக்காகக் கட்டியது என்கிறார் என் நண்பர். இல்லை, சாள்ஸ் இளவரசருக்கு என்கிறேன் நான். ஒரு சாப்பாட்டுப் பந்தயம். (வாசகர், வவுனியா)*

இரண்டு பேரும் தோற்றீர்கள். சாப்பாட்டை எனக்கு அனுப்புங்கள். 1875இல் மகாராணியின் மூத்த மகன், வேல்ஸ் இளவரசர் அல்பேர்ட் எட்வேர்ட், இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பியது. பிறகு ஏழாம் எட்வேர்ட் என்று அரசரானவர் அவர்தான். சண்டையில் கோபுரம் பழுதடைந்து, 2000க்குப் பிறகு திருத்தினார்கள்.

*நான்காவது படிக்கிற என் மகள் தமிழாராய்ச்சி மாநாட்டு நினைவிடத்தைப் பார்த்து, "அம்மா, இது கோயிலா?" என்று கேட்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல் ஓம் என்றுவிட்டேன். பிழையா? (வாசகி, மானிப்பாய்)*

பெரிய பிழை இல்லை. ஆனால் அடுத்த முறை போகும்போது நடந்ததைச் சொல்லுங்கள், நான்காவது படிக்கிற பிள்ளைக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லலாம். 1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. வீடு வீடாகத் தோரணம் கட்டின காலம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கடைசி நாள், ஜனவரி 10, இரவு வீரசிங்கம் மண்டபத்தில் பொதுக்கூட்டம். வந்த சனம் மண்டபத்துக்குள் அடங்கவில்லை, வெளியிலே முற்றவெளிப் பக்கம் இருந்து கேட்டார்கள். அந்தக் கூட்டத்துக்குள் பொலிஸ் புகுந்து கண்ணீர்ப்புகை அடித்துச் சுட, மின்கம்பி அறுந்து சனத்துக்கு மேலே விழுந்தது. பேச்சுக் கேட்க வந்தவர்கள் அந்த இடத்திலேயே மின்சாரம் தாக்கிச் செத்துப்போனார்கள். அவர்களுக்காகத்தான் அந்த நினைவிடம்.

ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 10ஆம் திகதி அங்கே விளக்கு ஏற்றுவார்கள், பூப் போடுவார்கள். யாரும் போகலாம். மற்ற நாளில் அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமைதான், படியில் இருந்து யாராவது போன் கதைத்துக்கொண்டிருப்பார்கள். அதைக் கண்டு எனக்கு முந்தி எரிச்சல் வரும், இப்போது வருவதில்லை. செத்தவர்களும் ஒரு இரவு சும்மா முற்றவெளியில் வந்து இருந்த சனம்தானே.

கிட்டத்திலேயே தந்தை செல்வா, அதாவது தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் நினைவுத்தூபி இருக்கிறது. அவர் காலமானது 1977 ஏப்ரல் 26. இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் பிள்ளை குழம்பும், ஒன்று ஒன்றாகக் காட்டுங்கள்.

*நூலகம் எரிந்தபோது யாழ்ப்பாண வைபவமாலை அடியோடு அழிந்துபோனது, இனி உலகத்திலேயே பிரதி இல்லை என்று ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். உண்மையா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சுன்னாகம்)*

சேர், உங்களுக்கே பதில் தெரியும், என் வாயால் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தின் பழைய வரலாறு சொல்கிற வைபவமாலை அழியவில்லை. 1879இலேயே பிறிற்றோ என்பவர் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார், தமிழ்ப் பதிப்புகளும் இருக்கின்றன, கடையில் வாங்கலாம். நூலகத்தில் இருந்த சுவடிகளும் பழைய கையெழுத்துப் பிரதிகளும் போனது உண்மை. நடந்த அழிவே போதாதா, அதற்கு மேல் நாங்கள் ஏன் கூட்டிச் சொல்ல வேண்டும்? கூட்டிச் சொன்னால், பொய் என்று ஒன்றைப் பிடித்தவன் மற்ற எல்லாவற்றையும் பொய் என்பான்.

அந்த வழிகாட்டி சொல்லியிருக்க வேண்டியது இது. 1933இல் செல்லப்பா என்ற ஒரு மனிதர் தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கினார். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகம். ஊர் காசு சேர்த்தது. சென்னையில் இருந்து நரசிம்மன் என்ற கட்டடக் கலைஞர் வரைபடம் வரைந்தார், நூலகவியலில் பெயர்பெற்ற எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1959இல் இப்போது நாங்கள் பார்க்கிற மாதிரியான வெள்ளைக் கட்டடம் திறந்தது. 1981 மே 31 இரவு தொடங்கி எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்கள். பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்த நெருப்பைப் பார்த்த தாவீது அடிகள், பன்மொழிப் புலவர், அந்த அதிர்ச்சியிலேயே உயிர்விட்டார். இதில் எந்த வரிக்கு வைபவமாலைக் கதை தேவை?

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2003இல் திரும்பத் திறந்த நாளில் இருந்து அது மாணவர்கள் வந்து படிக்கிற நூலகம். ஏஎல் சோதனைக்குப் படிக்கிற பிள்ளையின் மேசைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். வெளியில் சரஸ்வதி சிலையடியில் ஆசைதீர எடுங்கள்.

*முற்றவெளி என்றால் எல்லோரும் கோட்டை, நூலகம் என்கிறீர்கள். றீகல் தியேட்டரை ஒருத்தரும் கதைக்கிறீர்கள் இல்லையே? (வாசகர், கொண்டாவில், வயது 71)*

ஐயா, உங்கள் கடிதத்தைக் கண்டதும் எனக்கு என் சின்னம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். நாலு வருஷத்துக்கு முந்தி மெல்பேணில் இருந்து வந்தவர். கோட்டை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால் கோட்டையைப் பார்க்கவே இல்லை, வெளி நடுவில் நின்று கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

"தம்பி, உதிலைதானே றீகல் நிண்டது?"

"எனக்குத் தெரியாது சின்னம்மா, நான் பிறக்க முந்தி."

"உதிலைதான். அண்ணை என்னைச் சைக்கிள் பாரிலை வைச்சுக்கொண்டு வந்தவர். இங்கிலீசுப் படம். எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை. இடைவேளைக்கு ஐஸ்பழம் வாங்கித் தந்து, அம்மாட்டைச் சொல்லக்கூடாது எண்டவர்."

சொல்லிவிட்டு, தியேட்டர் வாசல் இருந்திருக்க வேண்டிய இடம் என்று தான் நினைத்த இடத்துக்கு நடந்து போனார். புல், ஒரு உடைந்த சீமெந்துத் துண்டு, அதில் கட்டியிருந்த ஆடு. அந்தச் சீமெந்துத் துண்டு றீகலினுடையதா, வேறெதினுடையதா, ஆருக்குத் தெரியும். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். அந்த அண்ணை, என் பெரிய மாமா, 1987இல் போய்விட்டார். ஆடு அவருடைய கைப்பையை முகர்ந்து பார்த்தது, அதை விலத்திக்கொண்டு, "சரி, வா, இனி உன்ரை கோட்டையைப் பாப்பம்" என்றார்.

நீங்கள் சொல்வது சரி ஐயா. 1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையோடு அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் பல தரைமட்டமாகிவிட்டன, றீகலும் நகர மண்டபமும் போன விதம் அப்படித்தான். கோட்டைக்குள் 1706இல் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயமும் யுத்தத்தில் கற்குவியலாகிவிட்டது. நின்ற கட்டடத்துக்குப் பலகை வைக்கிறார்கள், நிற்காததற்கு வைப்பதில்லை. "இங்கே றீகல் நின்றது" என்று ஒரு சின்னக் கல் நட என்ன செலவு வரப்போகிறது? ஆரும் செய்வார்கள் என்று நான் காத்துக்கொண்டிருக்கவில்லை, நீங்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைக் காட்டிவிடுங்கள்.

*கழிப்பறை, சாப்பாடு, பாதுகாப்பு? பெண்கள் நாலு பேர் தனியாக வருகிறோம். (வாசகி, மட்டக்களப்பு)*

பகலிலும் பின்னேரத்திலும் ஒரு பயமும் இல்லை, பண்ணைப் பக்கம் குடும்பம் குடும்பமாகச் சனம் இருக்கும். இருட்டினால் வெளி நடுவில் வெளிச்சம் குறைவு, றோட்டோரமாக வாருங்கள். சாப்பாட்டை பஸ் நிலையப் பக்கத்தில் முடித்துவிட்டு வெளிக்கிடுவது புத்தி, கழிப்பறையும் அப்படித்தான். முற்றவெளியில் கிடைப்பது கச்சான், ஐஸ்கிறீம், சில நாள் சுண்டல்.

*வர்த்தகக் கண்காட்சி, இசை நிகழ்ச்சி, கூட்டம், ஊர்வலம் என்று முற்றவெளியைச் சந்தை ஆக்கிவிட்டார்கள். அடுத்த நாள் பார்த்தால் எங்கும் பொலித்தீன். வேலி போட்டு, ரிக்கற் வைத்து, பூங்கா ஆக்கினால் என்ன? (வாசகர், நல்லூர்)*

பொலித்தீன் விஷயத்தில் உங்களோடு நூறு வீதம் நிற்கிறேன். கண்காட்சி முடிந்த காலையில் நானும் ஒருக்கா நடந்து பார்த்தேன், ஒரு மாடு சோற்றுப் பொதி சுற்றின தாளை மென்றுகொண்டு நின்றது, அதன் வாயில் இருந்து இழுக்கப் போய் என் கைதான் நனைந்தது. வாடகைக்கு எடுக்கிறவர் துப்புரவாக்கி ஒப்படைக்கும் மட்டும் கட்டுப்பணத்தைப் பிடித்துவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் வேலிக்கும் ரிக்கற்றுக்கும் நான் எதிர். 2016 செப்டெம்பரில் 'எழுக தமிழ்' பேரணி வந்து முடிந்தது இந்த வெளியில்தான். ரிக்கற் எடுத்துக்கொண்டு ஊர்வலம் வருமா? 2024 பெப்ரவரியில் பெரிய இசை நிகழ்ச்சி ஒன்றுக்கு வேலி அடித்துப் பார்த்தார்கள், காசு கட்டினவர்களுக்கு முன்னால் கதிரை, மற்றவர்கள் பின்னால். என்ன நடந்தது? சனம் வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நிகழ்ச்சி குழம்பிப்போனது. சனம் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை, காயப்பட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முற்றவெளிக்குள் வேலியைக் கண்டால் யாழ்ப்பாணத்தானுக்குக் கை துருதுருக்கும் போலிருக்கிறது. சொந்த வளவுக்குப் பனைமட்டை வேலி அடைத்து ஓரங்குல எல்லைக்குக் கோட்டுக்குப் போகிற அதே ஆள்தான், அது வேறு விஷயம்.

கட்டடங்களும் கூடிக்கொண்டு வருகின்றன. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் எழும்பிய பதினொரு மாடிக் கலாசார மையம் நல்ல மண்டபம்தான், 2025இல் திருவள்ளுவர் பெயர் வைத்து, யாழ்ப்பாணம் என்ற சொல்லைக் காணோம் என்று சத்தம் வந்த பிறகு அதையும் சேர்த்தார்கள். ஆனால் முந்தி நூலகத்தைப் பார்த்தால் பின்னால் வானம் தெரியும், இப்போது சில பக்கத்தில் நின்றால் கண்ணாடி யன்னல்தான் தெரிகிறது. துரையப்பா விளையாட்டரங்கு 2016இல் திருத்தித் திறந்ததில் எனக்கு மனக்குறை இல்லை, பிள்ளைகள் ஓடுகிறார்கள். 1999இல் அதே அரங்கில் திருத்த வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புக்கூடுகள் வந்ததை நினைத்தால், இந்தப் பக்கத்தில் எங்கே மண்வெட்டி போட்டாலும் ஒருக்கா யோசித்துத்தான் போட வேண்டும் என்று தோன்றும்.

*மார்கழியில் வந்தால் முற்றவெளி பார்க்க முடியுமா, அல்லது மழையா? (வாசகர், பாரிஸ்)*

மழைதான். வெளியில் பாதி குளமாக நிற்கும், கொக்கு நிற்கும், சப்பாத்தோடு வந்தால் கையில் தூக்கிக்கொண்டுதான் திரும்புவீர்கள். எனக்கு அந்தக் காலம்தான் பிடிக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்கிற பின்னேரத்தில் கச்சான் விற்கிற அம்மா தன் வண்டிலைத் தார்ப்பாயால் மூடி, உள்ளே சட்டியை மட்டும் சூடாக வைத்துக்கொண்டு நிற்பார். நூறு ரூபாய்த் தாளாகக் கொண்டு போங்கள், ஐயாயிரத்தை நீட்டினால் மாற்றித்தர அவரிடம் இருக்காது.